ஊர்ப்பெயர்கள் உள, ஊரார் எங்கே?

கெல்தியப் பாரம்பரியம் என்னும் சொற்றொடர் இன்று ஐரோப்பாவில் நல்ல விலை போகின்றது. அதன் பெயரால் இசைவிழாக்கள் நடக்கின்றன. சுற்றுலாக் கம்பனிகள் அதனைத் துண்டுப் பிரசுரங்களில் அச்சிடுகின்றன. மதுப் போத்தல்களிலும் வெள்ளி மோதிரங்களிலும் அதன் முடிச்சுக் கோலங்கள் பொறிக்கப்படுகின்றன. இந்த வணிகத்துக்குத் துணையாகக் கற்றோர் சிலரும் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். கெல்திய மொழிகள் பேச்சில் அருகிவிட்டாலும் கவலைக்கு இடமில்லையாம். அவற்றின் ஆன்மா ஆறுகளின் பெயர்களிலும், ஊர்களின் பெயர்களிலும், ஆங்கிலம் பிரெஞ்சு முதலிய மொழிகளில் கலந்த சொற்களிலும் அழியாது வாழ்கின்றதாம். கேட்பதற்கு இனிமையான இந்த ஆறுதலை நாம் ஏற்பதற்கில்லை. பெயரை இட்ட மக்கள் எங்கே போயினர், அவர்களை அனுப்பியவர் யார் என்ற வினாக்களை மறைப்பதற்கே இது பெரிதும் பயன்பட்டு வந்திருக்கின்றது.

சுவடுகள் உண்மையானவை என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் கெல்திய மொழிகள் ஸ்பானியாவிலிருந்து சின்ன ஆசியா வரை பேசப்பட்டன. விவிலியம் படித்தோர் அறிந்த கலாத்தியர், கி. மு. 3ஆம் நூற்றாண்டில் இன்றைய அங்காராவைச் சூழ்ந்த நிலத்திற் குடியேறிய கெல்தியரின் பெயரால் அறியப்பட்டவர்களே. பொகேமியா என்னும் நாட்டுப் பெயரில் போயி என்ற கெல்தியக் குலத்தின் பெயர் இருக்கின்றது. பாரிஸ் நகரம் பரிசி என்ற குலத்தாரின் பெயரைத் தாங்குகின்றது. லியோன் நகரின் பண்டைப் பெயர் லுக்துனும். லுகு என்ற தெய்வத்தின் கோட்டை என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் ஏவன் என்ற பெயருடைய ஆறுகள் பல உள்ளன. தீவின் பழங்குடிகளுடைய மொழியில் அச்சொல்லுக்கு ஆறு என்பதே பொருள். வேல்ஸ் மக்கள் இன்றும் ஆற்றை அவொன் என்றே அழைக்கின்றனர். வந்து குடியேறிய ஆங்கிலேயர் பொதுச்சொல்லைத் தனிப்பெயராகக் கொண்டு 'ஏவன் ஆறு' என்றனர். லங்காஷயரில் உள்ள பென்டில் ஹில் இதனினும் வியப்பானது. பென் என்பது பழைய மொழியிற் குன்று. ஆங்கிலேயர் அதனுடன் குன்று எனப் பொருள்படும் தங்கள் ஹில் என்ற சொல்லை ஒட்டினர். காலப்போக்கில் அவ்வொட்டும் உருத் தேய்ந்து பென்டில் ஆயிற்று. பின்வந்தோர் மீண்டும் ஒரு ஹில்லைச் சேர்த்தனர். மூன்று காலத்து மனிதர் ஒரே குன்றைக் குன்று என்று மூன்று முறை சொல்லியிருக்கின்றனர்.

இதனை நகைச்சுவையாகக் கருதி விட்டுவிடலாகாது. அருகில் வாழ்ந்தவனின் மொழியைக் கற்கவேண்டிய தேவை வென்றவனுக்கு இருக்கவில்லை என்பதற்கு இது சாட்சி. வெல்ஷ் என்ற ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் அந்நியன் என்ற பொருளைத் தந்த சொல்லிலிருந்து பிறந்தது அது. முன்பே வாழ்ந்தவன் சொந்த மண்ணில் அந்நியன் ஆக்கப்பட்டான். அவனோ தன் இனத்தாரைக் கம்ரி என்று அழைத்தான். ஒரே நாட்டார் என்பது அதன் பொருள்.

சொற்களை ஆராய்ந்தாலும் சமூகத்தின் படிநிலை தெரிகின்றது. ரோமர் கோலியாவை வென்றபின் அந்நாட்டின் பிரபுக்களும் நகரத்தாரும் லத்தீனுக்கு விரைந்து மாறினர். சட்டமும் வரியும் பதவியும் லத்தீனில் இருந்தன. நாட்டுப்புறத்து உழவர் தம் மொழியை மேலும் சில நூற்றாண்டுகள் பேணினர். எனவேதான் பிரெஞ்சு மொழியில் எஞ்சிய கோலியச் சொற்களிற் பல வயலையும் தொழுவத்தையும் காட்டையும் சேர்ந்தவையாக உள்ளன. கலப்பை, கொழு, செம்மறி, வானம்பாடி ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் கோலிய உழவனின் வாயிலிருந்து வந்தவை. வண்டியைக் குறித்த கோலியச் சொல்லை ரோமர் கடன் வாங்கினர். அது பல மொழிகளைக் கடந்து, நாம் கார் என்று சொல்லும் சொல்லாக நம் தெருவுக்கும் வந்துவிட்டது. நம் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதும் பட்ஜெட் என்ற சொல்லின் மூலமும் கோலியரின் தோற்பையைக் குறித்த புல்கா என்ற சொல்லே.

ஆங்கிலத்தில் டோரி என்ற சொல்லின் வரலாறு இவை எல்லாவற்றிலும் அதிகம் பேசுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைகள் அயர்லாந்தின் நிலங்களைப் பறித்தபோது, குடியிழந்த ஐரிஷ்காரர் பலர் காடுகளிலும் சதுப்புகளிலும் ஒளிந்து வழிப்பறியால் வாழ்ந்தனர். வேட்டையாடப்பட்ட இம்மனிதரைக் குறித்த ஐரிஷ் சொல்லே டோரி என்று ஆங்கிலத்திற் புகுந்தது. 1679 முதல் 1681 வரை லண்டனில் அரசுரிமை பற்றிய பூசல் நடந்தபோது, அரச கட்சியாரை இகழ்வதற்கு எதிர்க்கட்சியார் அச்சொல்லை வீசினர். இகழ்ச்சி பட்டமாயிற்று. நிலமிழந்தவனின் பெயர் நிலப்பிரபுக்களின் கட்சிக்குப் பெயராய் அமைந்தது. இதனையும் 'கெல்தியப் பாரம்பரியத்தின் வாழும் சுவடு' என்று கணக்கில் வைப்பவர்களிடம், சுவடு என்பது யாருடைய காலின் கீழ்ப் பதிந்தது என்று கேட்பது நியாயம்.

இனி, இரத்தத்தின் கதைக்கு வருவோம். கெல்தியர் ஒரு தனி இனத்தவர், அவர்களுக்கென ஒரு தனி உள்ளம் உண்டு, அது கனவும் கண்ணீரும் கவிதையும் நிரம்பியது என்று ஒரு கதை 19ஆம் நூற்றாண்டு முதல் வழங்கி வருகின்றது. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. பண்டைக் கிரேக்கரும் ரோமரும் கெல்தியர் என்ற பெயரை ஐரோப்பியப் பெருநிலத்து மக்களுக்கே வழங்கினர். அயர்லாந்தின் உழவனோ வேல்ஸ் நாட்டு இடையனோ தன்னைக் கெல்தியன் என்று அழைத்ததில்லை. ஒக்ஸ்போட் அஷ்மோலியன் அரும்பொருட்சாலையின் காப்பாளராயிருந்த எட்வேர்ட் லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர், 1707இல் வெளியிட்ட நூலில் வேல்ஸ், கோர்ன்வால், பிரிட்டனி, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகியவற்றின் பழைய மொழிகளை ஒப்பிட்டு, அவை பண்டைக் கோலிய மொழிக்கு உறவானவை என்று காட்டினார். மொழிகளின் உறவைச் சுட்டிய இப்பெயர் பின்னர் மக்களின் இனப்பெயராக மாற்றப்பட்டது. பிரித்தானிய மக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, கெல்திய நாடுகள் எனப்படும் பகுதிகளின் மக்கள் ஒரே மரபணுக் கூட்டமாக அமையவில்லை என்று கண்டது. கோர்ன்வாலும் வேல்ஸும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை.

தமிழ் படிப்போருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அயர்லாந்திற் பிறந்தவர். அவர் நிறுவியதும் மொழிகளின் உறவே. மொழிக்குடும்பத்தின் பெயரை இரத்தத்தின் பெயராக்கிப் பெருமை பேசுவோர் எங்கும் உளர். அப்பெருமை உழைப்பவனுக்கு ஒரு முழம் நிலத்தையும் மீட்டுத் தரவில்லை.

இரத்தக் கதையைப் பரப்பியவர் யார், எப்போது பரப்பினர் என்று பார்த்தால் அதன் வர்க்க உள்ளடக்கம் வெளிப்படும். 1746இல் கலொடன் போரில் ஸ்கொட்லாந்தின் மலைநாட்டார் முறியடிக்கப்பட்டனர்; அவர்களுடைய ஆடை சட்டத்தால் தடுக்கப்பட்டது. அவர்களால் இனி ஆபத்தில்லை என்று உறுதியான பின்னர், 1760 முதல் மக்பேர்சன் என்பவர் ஒசியன் என்ற பழம்புலவனின் பாடல்கள் என்று சொல்லிச் சில நூல்களை வெளியிட்டார். வாய்மொழிக் கதைகளைத் துணையாகக் கொண்டு பெரும்பாலும் தாமே இயற்றியவை அவை. ஐரோப்பாவின் மாளிகைகள் அவற்றைப் படித்துக் கண்ணீர் விட்டன. அக்கண்ணீர் உலர்வதற்குள் மலைநாட்டில் குடிவெளியேற்றம் தொடங்கிற்று. சதர்லாந்துச் சீமாட்டியின் நிலத்திலிருந்து 1814 முதல் 1820 வரை 15,000 மக்கள், ஏறத்தாழ 3,000 குடும்பங்கள், துரத்தப்பட்டனர் என்றும், 1825இல் அவர்களின் இடத்தில் 1,31,000 செம்மறிகள் நின்றன என்றும் மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் கணக்குத் தருகின்றார். வீடுகளின் கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. 1822இல், அதாவது அந்தச் சாம்பலின் சூடு ஆறியும் ஆறாத வேளையில், நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். வால்டர் ஸ்கொட்டின் ஏற்பாட்டில், மலைநாட்டாரின் கட்டம் போட்ட ஆடையை அணிந்து அவர் காட்சி தந்தார். மலைநாட்டான் வெளியேற்றப்பட்டான், அவன் ஆடை அரண்மனைக்குள் நுழைந்தது. ஸ்ட்ராத்நேவர் என்ற கேலிக் பெயர் இன்றும் தேசப்படத்தில் இருக்கின்றது. அப்பள்ளத்தாக்கில் இடிந்த சுவர்களின் அடிக்கற்களும் இருக்கின்றன.

பிரித்தானியா இதில் தனித்து நிற்கவில்லை. பிரெஞ்சு அரசு 1865இல் வெர்சிஞ்சடொறிக்ஸ் என்ற கோலியத் தலைவனுக்கு மாபெரும் சிலை எழுப்பிற்று. 'எம் முன்னோர் கோலியர்' என்று பள்ளிப் புத்தகங்கள் போதித்தன. குடியேற்ற நாடுகளின் கறுப்பின மாணவர்களும் அதனை ஒப்பிக்க நேர்ந்தது. அதே பிரெஞ்சுப் பள்ளிகளில், கோலிய மொழிக்கு உறவான ஒரு கெல்திய மொழியைப் பேசிய பிரிட்டனிச் சிறுவனின் கழுத்தில் அவமானச் சின்னம் ஒன்று தொங்கவிடப்பட்டது. இறந்துபோன கெல்தியனுக்குச் சிலை. உயிரோடிருக்கும் கெல்தியனுக்குத் தண்டனை. இதுவே ஆளும் வர்க்கத்தின் பாரம்பரியப் பற்று.

ஆங்கிலப் பண்பாட்டின் பெருந்தூண் எனப் போற்றப்படும் மத்தியூ ஆர்னல்ட் இந்தக் கொள்கையை ஒளிவுமறைவின்றி எழுதினார். கெல்திய இலக்கியத்தைக் கற்பது பற்றி அவர் 1867இல் ஒரு நூல் வெளியிட்டார். கெல்தியக் கற்பனையின் மென்மையை அதிற் புகழ்ந்தார். பல்கலைக்கழகத்தில் அதற்கு ஓர் இருக்கை வேண்டும் என்று வாதாடினார். அதே நூலில், வேல்ஸ் மொழி நடைமுறை வாழ்விலிருந்து எவ்வளவு விரைவில் மறைகின்றதோ அவ்வளவுக்கு நன்று என்றும் கூறினார். ஆர்னல்டின் தொழில் என்ன? அவர் பாடசாலைப் பரிசோதகர். 1877இல் ஒக்ஸ்போட்டில் கெல்திய இருக்கை அமைந்தது. ஸ்கொட்லாந்துக்கு 1872இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்திலோ கேலிக் மொழிக்கு ஓர் எழுத்தும் இடமில்லை. பல்கலைக்கழகத்தின் உச்சியில் ஒரு பேராசிரியர், கீழே ஆயிரமாயிரம் வாய்பூட்டப்பட்ட சிறுவர்! இவ்வமைப்பைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று அழைத்தவர்களின் வழித்தோன்றல்களே இன்றும் சுவடுகளைக் காட்டி நம்மைத் தேற்றுகின்றனர்.

பள்ளிக்கூடத்தின் பங்கை ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் சற்று ஆழ்ந்து எண்ணவேண்டும். கேலிக் மொழியை ஒழிப்பதும் ஆங்கிலத்தை நாட்டுவதும் பள்ளிகளின் நோக்கம் என்று ஸ்கொட்லாந்தின் அரச மன்றம் 1616இலேயே சட்டம் செய்தது. 1846இல் வேல்ஸ் நாட்டுக் கல்வியை ஆராய அனுப்பப்பட்ட ஆணையாளர் மூவருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது. மக்களின் மொழியே அவர்களுடைய அறியாமைக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் காரணம் என்று அவர்கள் அறிக்கை எழுதினர். தன் மொழியிற் பேசிய சிறுவனின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடுவதும், அவன் வேறொருவன் பேசக் கேட்டுக் காட்டிக்கொடுத்து அதனைக் கைமாற்றுவதும், மாலையில் அதனோடு நின்றவன் அடிவாங்குவதும் பல பள்ளிகளில் வழக்கமாயிருந்தன. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இத்தண்டனை எழுதப்படவில்லை. அதனை நடத்தியவர் பலர் அதே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்கள். அயர்லாந்தில் பெற்றோரும் இதற்கு இசைந்தனர்.

இங்கேதான் நம் எதிர்வாதிகள் வெற்றி முழக்கம் செய்வர். 'மக்களே விரும்பித் தம் மொழியைக் கைவிட்டனர். யாரைக் குறை கூறுவது?' என்பர். ஆம், ஐரிஷ் உழவன் தன் பிள்ளைக்கு ஆங்கிலத்தை விரும்பினான். ஏன் விரும்பினான்? நீதிமன்றம் ஆங்கிலத்தில் இருந்தது. குத்தகைப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. 1831இல் அமைந்த அரசாங்கப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன. 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் அதிகமானோர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் 65 இலட்சமாகியது. மாண்டவரிற் பெரும்பகுதியினர் நிலமற்ற ஏழைகள். ஐரிஷ் மொழி அவர்களின் குடிசைகளிலேதான் வலுவாக வாழ்ந்தது. அப்பஞ்சத்திலும் அந்நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. பிள்ளை கப்பலேறித்தான் பிழைக்கமுடியும் என்ற நிலையில் தாய் ஆங்கிலத்தைத் தேர்ந்தாள். சோறு ஒரு மொழியிலும் பட்டினி மற்றொரு மொழியிலும் வைக்கப்பட்டிருக்கும்போது அதனைச் சுதந்திரமான விருப்பம் என்று சொல்வது மனச்சாட்சியுள்ளவர் செய்யும் காரியமன்று.

தேசப்படங்களின் கதையும் இதனுடன் சேர்ந்ததே. 1824இல் அயர்லாந்து முழுவதையும் அளக்கும் பணி தொடங்கிற்று. நிலவரியைச் சரியாக விதிப்பதற்காக 60,000க்கு மேற்பட்ட சிற்றூர் எல்லைகள் அளக்கப்பட்டன. இராணுவ அளவையாளர் ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் தம் காதுக்கு எட்டியபடி பதிந்தனர். ஊர் எனப் பொருள்படும் பலே 'பலி' ஆயிற்று. தேவாலயத்தைக் குறிக்கும் கில் என்ற சொல் ஆங்கிலத்தில் கொலையைக் குறிக்கும் சொல்லாகவே எழுதப்பட்டது. ஜோன் ஓ டொனவன் போன்ற ஐரிஷ் அறிஞர்கள் அப்பணியில் அமர்ந்து, ஊர் முதியோரைக் கேட்டும் பழைய ஏடுகளைப் புரட்டியும் மூலப் பெயர்களைப் பேரேடுகளில் எழுதிவைத்தனர். அவ்வுழைப்புக்கு இன்றைய ஆய்வாளர் கடமைப்பட்டுள்ளனர். ஆயினும் ஆராய்ச்சி பேரேட்டில் தங்கிற்று. வெட்டிக் குறைக்கப்பட்ட பெயரே தேசப்படத்தில் ஏறிற்று. வேறு சில ஊர்களில் இந்த அளவு மென்மையும் காட்டப்படவில்லை. கருவாலிச் சோலை எனப் பொருள்படும் டெரி நகரும் சுற்று நிலங்களும் லண்டன் வணிகக் கழகங்களுக்கு வழங்கப்பட்டபோது, 1613இல் நகரின் பெயருக்கு முன்னால் லண்டன் என்ற சொல் ஒட்டப்பட்டது. உடைமையாளர் பண்டத்தில் முத்திரை குத்தும் முறை இது. லியரி மன்னனின் கோட்டை என்ற பெயருடைய டூன் லியரித் துறைமுகம் 1821இல் கிங்ஸ்ரவுண் ஆயிற்று. விடுதலைப் போராட்டத்தின் நடுவே 1920இல் பழைய பெயர் மீட்கப்பட்டது.

பெயர் கடல் கடந்தும் முத்திரையாகப் பயணம் செய்தது. நம் மலைநாட்டுத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்திருப்போர் இதனை அறிவர். டன்சினன், டன்கெல்ட், ஸ்ட்ராத்ஸ்பே, கிளென்டில்ட்: இவை யாவும் ஸ்கொட்லாந்தின் பெயர்கள். டன் என்றால் கோட்டை, ஸ்ட்ராத் என்றால் அகன்ற ஆற்றுவெளி, கிளென் என்றால் பள்ளத்தாக்கு. கோப்பியும் தேயிலையும் பயிரிட வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் இட்ட பெயர்கள் இவை. செம்மறிக்காகக் குடிகள் துரத்தப்பட்ட நாட்டின் பள்ளத்தாக்குப் பெயர்கள், தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட ஏழைகளின் லயன்களுக்கு மேலே நாட்டப்பட்டன. அம்மக்கள் தோட்டங்களுக்குத் தமக்கென வேறு பெயர்களை இட்டு வழங்கினர். பலகையில் எழுதப்பட்டது துரையின் பெயரே. 1948இன் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தபோதும் பலகை மாறவில்லை. கெல்தியச் சொல் ஏட்டளவில் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், அதனை வைத்திருப்பவனின் கையைப் பொறுத்தே அதன் சமூகப் பொருள் அமையும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் அணியைச் சேர்ந்தவர் சிலரோடும் வாதாடவேண்டியுள்ளது. சிறு மொழிகள் நிலப்பிரபுத்துவத்தின் மிச்சங்கள். பெரு மொழிகளில் அவை கரைவது முன்னேற்றம். உழைப்பாளி மக்கள் அதனால் ஒன்றுபடுவர் என்று இவர்கள் நினைக்கின்றனர். இந்நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் மாமன்றத்தில் 1794இல் பரேர் என்பவர் பிரெத்தோன் மொழியை மூடநம்பிக்கையின் மொழி என்று சாடினார். 1849இல் இளம் எங்கெல்ஸ் தாமும் ஸ்கொட்லாந்தின் கேல் மக்களையும் பிரிட்டனி மக்களையும் வரலாற்றின் கழிவுகளாகக் கண்டு எழுதினார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. அயர்லாந்துக்குச் சென்றார், ஐரிஷ் மொழியைக் கற்றார், 1870இல் அந்நாட்டின் வரலாற்றை எழுதவும் தொடங்கினார். அயர்லாந்தின் விடுதலை இன்றி ஆங்கிலத் தொழிலாளிக்கும் விடுதலை இல்லை என்ற முடிவுக்கு மார்க்ஸ் 1869இல் வந்தார். ஒடுக்கப்பட்டவனின் மொழியை அவமதித்துவிட்டு அவனோடு ஒற்றுமை பேசமுடியாது என்பதை அனுபவமே கற்பித்தது.

பட்டினி கிடப்பவனுக்குக் கேலிக் கற்பிக்கமுடியாது என்ற கருத்தை ஜேம்ஸ் கொனலி வற்புறுத்தினார். அதனை மொழிக்கு எதிரான வாதமாகத் திரிப்போர் உளர். சோற்றையும் மொழியையும் ஒரே போராட்டத்தில் இணைக்கவேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பொருள். இதனைச் செய்து காட்டியவர் மார்ட்டீன் ஓ கைன். கொன்னமாராவின் ஏழைக் கரையோரத்திற் பிறந்த ஆசிரியர் அவர். அரசியல் ஈடுபாட்டுக்காக 1936இல் வேலை இழந்தார். பின்னர் சிறைமுகாமிலும் இருந்தார். 1949இல் வெளியான 'கிரே ந கில்லே' என்ற அவருடைய நாவல் ஐரிஷ் உரைநடையின் சிகரங்களுள் ஒன்று. கொன்னமாராவின் கற்பாறையிற் பிழைக்கமுடியாத குடும்பங்களுக்குக் கிழக்கிலுள்ள வளமான நிலத்தைப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்று அவரும் தோழர்களும் கிளர்ச்சி செய்தனர். 1935இல் 27 குடும்பங்கள் மீத் மாவட்டத்தின் ராத் கார்ன் என்ற இடத்திற் குடியேற்றப்பட்டன. ஆங்கிலம் சூழ்ந்த அந்நிலத்தில் ஐரிஷ் இன்றும் பேசப்படுகின்றது. 1967இல் அரசு அதனை ஐரிஷ் மொழிப் பிரதேசமாக ஏற்றது. நிலம் கிடைத்தது, மொழியும் நின்றது.

எதிர்மாறான சான்று வேல்ஸ் நாட்டில் உள்ளது. கப்பெல் கெலின் என்பது வேல்ஸ் மொழியிலேயே வாழ்ந்த ஒரு சிற்றூர். பள்ளியும் தபாற்கந்தோரும் வழிபாட்டிடமும் பண்ணைகளும் அங்கே இருந்தன. லிவர்பூல் நகருக்கு நீர் வேண்டியதால் அப்பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. வேல்ஸ் நாட்டு உறுப்பினர் ஒருவர்கூட அதனை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965இல் ஊர் நீருக்குள் மறைந்தது. அதன்மேல் நிற்கும் நீர்த்தேக்கத்துக்கு என்ன பெயர் தெரியுமா? லின் கெலின், அதாவது கெலின் ஏரி. பெயர் அழகாகக் காப்பாற்றப்பட்டிருக்கின்றது. 2005இல் லிவர்பூல் மாநகரசபை மன்னிப்பும் கேட்டுக்கொண்டது.

எண்களும் ஆறுதற்காரருக்குச் சாதகமாக இல்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் 18 இலட்சத்து 73 ஆயிரம் பேர் ஐரிஷ் பேச வல்லவர்கள் என்று எழுதினர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 72,000 பேர் அளவில்தான். அரசியலமைப்பில் முதல் மொழி, பெயர்ப்பலகையில் முதல் வரி, சந்தையில் கடைசி இடம். வேல்ஸ் மொழி பேசுவோர் 2011இல் 5,62,000; 2021இல் 5,38,000. 1962இல் எழுந்த மாணவர் இயக்கம் சாலைப் பலகைகளுக்கு மை பூசிச் சிறை சென்றிராவிட்டால் இவ்வளவும் நின்றிராது. பிரிட்டனியில் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பத்து இலட்சம் பேரின் நாவில் இருந்த மொழி, 2018இல் இரண்டு இலட்சம் பேர் அளவுக்கு ஒடுங்கிற்று. முழுக்க அம்மொழியிலேயே கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று பிரெஞ்சு அரசியலமைப்பு மன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

ஆயினும் அவநம்பிக்கைக்கு இடமில்லை. மான் தீவின் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மட்ரெல் 1974இல் இறந்தார். 2001இல் அத்தீவில் அம்மொழியிலேயே கற்பிக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி திறக்கப்பட்டது. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அம்மொழியை அழிந்துபோனவற்றின் பட்டியலிற் சேர்த்தபோது, அப்பள்ளியின் சிறுவர்கள், அழிந்துவிட்ட மொழியில் நாங்கள் எப்படி எழுதுகின்றோம் என்று அம்மொழியிலேயே கடிதம் வரைந்து கேட்டனர். பட்டியல் திருத்தப்பட்டது. மரத்துண்டைக் கழுத்தில் மாட்டிய பள்ளிக்கூடமே, மக்கள் கைக்கு வரும்போது இவ்வாறு மறுபிறப்பைத் தரவும் வல்லது.

ஆதலால் ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியைக் கைவிடவேண்டியதில்லை. அதனைப் பாதியில் நிறுத்தவேண்டாம். ஒரு பெயரின் வேரைக் கண்டவுடன், அதனை இட்டவர் எத்தொழில் செய்தனர், அதனை ஏட்டிற் பதிந்தவர் யாருக்காகப் பதிந்தார், அந்நிலம் இன்று யார் கையில் உள்ளது என்ற மூன்றையும் வகுப்பறையிற் கேளுங்கள். பாரம்பரியத்தைக் காக்கின்றோம் என்று எந்த அரசு வந்து சொன்னாலும், அம்மொழி பேசும் ஊரில் எத்தனை வீடுகள் கட்டினீர், எத்தனை வேலைகள் தந்தீர், எத்தனை பள்ளிகள் திறந்தீர் என்று கணக்குக் கேளுங்கள். கணக்குத் தராதவர்கள் பெயர்ப்பலகைக்குப் புதிய வண்ணம் பூசிக்கொண்டு வந்தால், அவர்களை வரவேற்கும் கூட்டத்தில் நாம் நிற்கலாகாது.